கண் திறந்திருக்கும், தூக்கம் கலையாது: வடசென்னை இரவுகளும் பெரியவர்களின் தூக்கநடையும்

2023 டிசம்பர் 26, செவ்வாய்க்கிழமை. எண்ணூர் பெரியகுப்பத்தில் ஊர் அடங்கி, பாய் விரித்துப் படுத்தவர்கள் முதல் தூக்கத்தில் இருந்த நேரம். பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, மூச்சு முட்டியது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா, ஊருக்குள் புகுந்துவிட்டது. என்ன நடக்கிறது என்று தெரிவதற்கு முன்பே பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் சனங்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். கிடைத்த பைக்கில், ஆட்டோவில் ஏறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தைக் கறுப்பாக்கி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்த நேரத்தைக் கவனியுங்கள். படுத்து ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஒரு மனிதன் மிக ஆழமாகத் தூங்குவது அப்போதுதான். அந்த ஆழத்திலிருந்து உலுக்கி எழுப்பப்பட்டால் கால் முதலில் எழும், புத்தி பின்னால் வந்து சேரும். எங்கே நிற்கிறோம், எதற்கு ஓடி வந்தோம் என்று தெளியச் சில நிமிடம் பிடிக்கும். அன்றைக்கு ஓடியவர்களுக்கு ஓட ஒரு காரணம் இருந்தது. ஆனால் எந்த ஆபத்தும் இல்லாத சாதாரண ராத்திரியில், அதே முதல் தூக்கத்தில், அதே அரை விழிப்பில் எழுந்து நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண் திறந்திருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ முனகுவார்கள். தாழ்ப்பாளைத் திறப்பார்கள், படி இறங்குவார்கள், சமையற்கட்டில் எதையோ தேடுவார்கள். காலையில் கேட்டால், "நானா?" என்பார்கள்.

குழந்தை இப்படி நடந்தால் தூக்கி வந்து படுக்க வைக்கிறோம். நாளைக்குச் சரியாகிவிடும் என்று நம்புகிறோம், பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. நாற்பது வயது குடும்பத் தலைவர் நடந்தால் வீடே அதை மறைக்கிறது. அந்த மறைப்புதான் இந்தக் கோளாறில் உள்ள பெரிய ஆபத்து.

மூளையில் எரியும் சில விளக்குகள்

தூக்கம் இரவு முழுக்க ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. முதல் சுற்றுகளில் ஆழ்தூக்கம் அதிகம். விடியற்காலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் நீளும். கனவுத் தூக்கத்தில் கை கால் தசைகள் தளர்ந்து அசைவற்றுக் கிடக்கும். அதனால் "கனவு கண்டு எழுந்து நடக்கிறான்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் சரியில்லை. தூக்கநடை ஆழ்தூக்கத்தில் பிறக்கிறது. அதிலிருந்து மூளை முழுசாக விழிக்க முடியாமல் பாதியில் சிக்கிக்கொள்கிறது.

2000-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் கிளாடியோ பசெட்டி குழுவினர், ஒருவர் தூக்கத்தில் எழுந்த அதே வேளையில் அவரது மூளையின் ரத்த ஓட்டத்தைப் படம் பிடித்தார்கள். அசைவுக்கும் உணர்ச்சிக்கும் தொடர்புள்ள பகுதிகள் விழித்திருந்தன. யோசிக்கவும் சீர்தூக்கிப் பார்க்கவும் உதவும் முன்மூளை தூங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போன வீட்டில் இன்வர்ட்டர் ஒரு ஃபேனையும் ஒரு லைட்டையும் மட்டும் ஓட்டுமே, அந்த நிலை. பயம் இருக்கும், வேகம் இருக்கும், "பொறு, யோசி" என்று தடுக்கும் குரல் மட்டும் இருக்காது.

இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. கனடாவில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், பெற்றோர் இருவருக்கும் இந்தப் பழக்கம் இல்லாத பிள்ளைகளில் 22.5 சதவீதம் பேர் நடந்தார்கள். ஒருவருக்கு இருந்தால் 47.4 சதவீதம். இருவருக்கும் இருந்தால் 61.5 சதவீதம்.

■ பெட்டிச் செய்தி: எத்தனை பேருக்கு?
பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வந்த கணக்குப்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது தூக்கத்தில் நடந்தவர்கள் ஏறக்குறைய 7 சதவீதம். கடந்த ஓராண்டுக்குள் நடந்த பெரியவர்கள் 1.5 சதவீதம், குழந்தைகள் 5 சதவீதம். இந்தச் சராசரியை வைத்துப் பார்த்தால், இருநூறு பேர் வேலை பார்க்கும் ஒரு ஷிஃப்டில் மூன்று பேர்.

இது சந்திரமுகி இல்லை

ராத்திரியில் எழுந்து நடக்கும் பெண் என்றதும் 2005-ல் வந்த 'சந்திரமுகி' பலர் நினைவுக்கு வரும். அந்தப் படம் காட்டியது, ஒருவருக்குள் இன்னோர் ஆளுமை புகுந்தாற்போல நடக்கும் வேறொரு மனநிலை. தூக்கநடையில் இன்னொருவர் யாரும் வருவதில்லை. பழைய பகையும் இல்லை, பேயும் இல்லை. ஆனாலும் "காத்து கருப்பு பட்டுடுச்சு" என்று முதலில் தாயத்துக்கும் மந்திரிப்புக்கும்தான் போகிறோம். தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதால் மனசுக்குத் தெம்பு கிடைக்குமென்றால் போகட்டும்; அதற்காக டாக்டரைப் பார்ப்பது ஆறு மாதம் தள்ளிப்போகக் கூடாது.

அப்படியானால் இது மனநோயா? இல்லை. மனசுக்குத் தொடர்பே இல்லையா? உண்டு, நெருங்கிய தொடர்பு உண்டு. இந்த இரண்டு பதிலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே ஓடுவது என்ன என்று 2009-ல் பாரிஸ் ஆய்வாளர்கள் தூக்கத்தில் எழும் பெரியவர்களைக் கேட்டார்கள். ஒன்றுமே நினைவில்லை என்றுதான் உலகம் நம்பியிருந்தது. ஆனால் பத்தில் ஏழு பேர், எப்போதாவது ஒருமுறை, கனவு போன்ற ஒரு துண்டுக் காட்சி நினைவில் நின்றதாகச் சொன்னார்கள். பெரும்பாலும் ஆபத்துக் காட்சிகள்தான். ஏதோ இடிந்து விழ வருகிறது, யாரோ துரத்துகிறார்கள், வீட்டில் ஒருவரைக் காப்பாற்றியாக வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அது முரட்டுத்தனமாகத் தெரிகிறது. இழுக்கிறார், தள்ளுகிறார், கதவை உடைப்பதுபோல அடிக்கிறார். நடப்பவர் மனசுக்குள்ளோ அவர் யாரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

தூங்கவே பயம்

பிரான்சின் மோன்பெல்லியே நகரில் ரெஜி லோபெஸ் என்ற மருத்துவரின் குழு, தூக்கத்தில் நடக்கும் நூறு பெரியவர்களை ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டது. 58 சதவீதம் பேரிடம் தூக்கத்தில் வன்முறையாக நடந்துகொண்ட வரலாறு இருந்தது. 17 சதவீதம் பேருக்கு அதனால் ஒரு தடவையாவது மருத்துவ உதவி தேவைப்பட்டிருந்தது. இந்தக் கோளாறு இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் பகல் தூக்கக் கலக்கம், சோர்வு, மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே இவர்களிடம் கூடுதல். ராத்திரியில் நடக்கும் கோளாறு பகலை அரிக்கிறது என்பதுதான் அந்த ஆய்வு உரக்கச் சொன்ன விஷயம்.

அதே குழு 2015-ல் சொன்னது இன்னும் கலங்க வைப்பது. நடக்கும்போது அடிபட்டவர்களில் 79 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் வலி தெரியவில்லை. கண்ணாடி கீறும், முட்டி பெயரும், தூக்கம் தொடரும். காலையில் பாயில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

இந்த இடத்தில் மனசு உடையத் தொடங்குகிறது. என் கையும் காலும் எனக்குத் தெரியாமல் என்ன செய்கின்றன? மனைவியின் தோளில் உள்ள அந்த நீலத் தடம் நான் பதித்ததா? பக்கத்தில் கைக்குழந்தை படுத்திருக்கிறதே? இப்படிக் கேட்கத் தொடங்குகிறவர் படுக்கையை மாற்றிக்கொள்கிறார், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் ராத்திரி தங்குவதில்லை, கடைசியில் தூங்குவதையே தள்ளிப் போடுகிறார். டீ குடித்துக்கொண்டு, செல்போனை நோண்டிக்கொண்டு ஒரு மணி வரை விழித்திருக்கிறார். தூக்கம் குறைந்தால் ஆழ்தூக்கத்தின் அழுத்தம் ஏறும்; அழுத்தம் ஏறினால் தூக்கநடை கூடும். பயம் தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் பயத்தை வளர்க்கிறது.

மனைவியின் பக்கமும் இருக்கிறது. அவர் பாதித் தூக்கம்தான் தூங்குகிறார், ஒரு காது எப்போதும் தாழ்ப்பாள் மேல். வெளியே தெரிந்தால் புருஷனின் வேலைக்கு ஆபத்து, பெண்ணின் சம்பந்தத்துக்கு இடைஞ்சல் என்று வாயைக் கட்டிக்கொள்கிறார். நடப்பவர் பெண்ணாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நள்ளிரவில் கதவைத் திறந்து வெளியே போன மருமகளிடம் "எங்கே போனாய்?" என்று கேட்பவர்கள், "நினைவில்லை" என்ற பதிலை நம்புவதில்லை. உடம்பின் கோளாறு நடத்தையின் களங்கமாகிவிடுகிறது. இந்த அநியாயத்தைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

ஷிஃப்ட், ஹாரன், மாத்திரை

மோன்ட்ரியாலில் ஆன்டோனியோ சாட்ராவின் குழு 2008-ல் வெளியிட்ட ஒரு சோதனை எளிமையானது. தூக்கத்தில் நடக்கும் 30 பேரை 25 மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்க வைத்தார்கள். வழக்கமான இரவில் எல்லோருக்கும் சேர்த்து 32 தடவை வந்த தூக்கநடை, விழித்திருந்ததற்கு அடுத்த தூக்கத்தில் 92 ஆனது. ஆழ்தூக்கத்தில் இருப்பவரின் காதருகே ஒலி எழுப்பினால் நடையைத் தூண்ட முடிகிறது என்பதையும் அதே குழு காட்டியது. இந்தத் தன்மையே இல்லாதவர்கள் எவ்வளவு விழித்திருந்தாலும், எவ்வளவு சத்தம் கேட்டாலும் எழுந்து நடக்கவில்லை. அதாவது விதை பிறவியில் வருகிறது. தூக்கக் குறைவும் சத்தமும் அதை முளைக்க வைக்கின்றன.

இப்போது ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு இரவு போய்ப் பாருங்கள். காசிமேட்டில் விடிவதற்கு வெகு முன்பே ஏலச் சத்தம் எழுந்துவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக நுழைவுக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் கேபினில் டிரைவர்கள் உட்கார்ந்தபடி கண்ணயர்கிறார்கள். முன்வண்டி நகர்ந்தால் பின்வண்டி ஹாரன் அடிக்கும். மணலி, திருவொற்றியூர், அத்திப்பட்டு ஆலைகளில் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுகிறது. நைட் முடித்து வந்தவர், தகரமோ கான்கிரீட்டோ தகிக்கும் ஒற்றை அறையில், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் சத்தத்துக்கு நடுவே தூங்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. பகலில் தூங்கியாக வேண்டியவருக்கு அந்த விதியும் துணைக்கு வராது.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தக் கோளாறு இயல்பிலேயே அதிகம் என்று நான் சொல்லவில்லை. அறிவியல் பட்டியலிடும் தூண்டுதல்கள் எல்லாம் இங்கே ஒரே தெருவில் குடியிருக்கின்றன என்கிறேன். டிசம்பர் 26 போன்ற ஓர் இரவுக்குப் பிறகு தூக்கம் மேலோட்டமாவதும், சின்ன வாசனைக்கும் திடுக்கிட்டு எழுவதும் உளவியல் நன்கறிந்த விளைவுகள். வலை, படகு, மீன், ஆஸ்பத்திரிச் செலவு என்று இழப்பைக் கணக்கெடுக்கத் தெரிந்த நமக்கு, இழந்த தூக்கத்தைக் கணக்கெடுக்கத் தெரியவில்லை.

வேலை நேரத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளைக்கு 9 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2023 ஏப்ரல் 21-ல் தமிழகச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கிளர்ந்தெழுந்த பின் சில நாளிலேயே அதை நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். அப்போது நடந்த விவாதம் கூலி, ஓவர்டைம், உரிமை பற்றியதாக இருந்தது. தூக்கத்தையும் ஓர் உரிமையாக அந்த மேடைகளில் பேசியிருக்க வேண்டும்.

இன்னொரு தூண்டுதல் கடையில் கிடைக்கிறது. தூக்கம் வரவில்லை என்று ஜோல்பிடெம் விழுங்குகிறவர்களில் சிலர் தூக்கத்தில் நடக்கிறார்கள், சமைக்கிறார்கள், வண்டிகூட ஓட்டுகிறார்கள். உயிர்ச்சேதம் வரை போனதால் 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மாத்திரைகளின் மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட கடும் எச்சரிக்கை சேர்க்க உத்தரவிட்டது. ஒருமுறை அப்படி நடந்தவர் அதை மறுபடி தொடக் கூடாது. இந்தியாவில் இது எச்1 அட்டவணை மருந்து; டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். மது விஷயத்தில், அது நேரடியாகத் தூக்கநடையைக் கிளப்புமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் குவார்ட்டர் போட்டால் நன்றாகத் தூக்கம் வரும் என்பது பொய். அது பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும், குறட்டையோடு வரும் மூச்சடைப்பைக் கூட்டும். அந்த மூச்சடைப்பு தூக்கநடைக்கு நன்கறியப்பட்ட தூண்டுதல்.

கட்டிப்போடாதீர்கள்

நடப்பவரின் காலைச் சேலைத் தலைப்பாலோ கயிற்றாலோ கட்டிலோடு கட்டிவிட்டுப் படுப்பது நம் வீடுகளில் தோன்றும் முதல் யோசனை. அன்பால் செய்வதுதான். ஆனால் கட்டப்பட்ட மனிதனுக்கு நள்ளிரவில் தீ வந்தால், வெள்ளம் வந்தால், வாயு வந்தால் என்ன கதி? தமிழ்நாட்டுக்கு இதற்கு விடை தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். வாயுக் கசிவுக்கு நள்ளிரவில் எழுந்து ஓட வேண்டி வரும் ஒரு பகுதியில் யாருடைய காலையும் கட்டக் கூடாது.

கட்ட வேண்டியது ஆளை அல்ல, இடத்தை. மாடிக் குடியிருப்புகளில் மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு, அதன் சாவி வேறொருவர் கையில். விசைப்படகில் நாள்கணக்கில் தங்கல் போகிறவருக்கு இந்தக் கோளாறு இருந்தால் சக தொழிலாளிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் தளத்தின் ஓரத்தில் படுக்கக் கூடாது. கடலில் ஓர் அடி தவறினால் ஆள் போனது விடிந்துதான் தெரியும்.

■ பெட்டிச் செய்தி: அந்த நேரத்தில் என்ன செய்வது?
எழுப்பினால் உயிர் போய்விடும் என்பது பொய். ஆனால் உலுக்கினால், பிடித்து இழுத்தால் மிரண்டு திருப்பி அடிக்கக்கூடும். தணிந்த குரலில் இரண்டு சொல் பேசி, பக்கவாட்டில் நின்று மெல்லப் படுக்கைக்குத் திருப்புங்கள். தரைத்தளத்தில், தரையில் பாய் போட்டுப் படுக்கட்டும். கத்தி, அரிவாள்மனை, வண்டிச் சாவி, மண்ணெண்ணெய் கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும். கதவில் ஒரு சின்ன மணி கட்டுங்கள். மறுநாள் காலையில் பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

கிணற்றில் விழுந்த தாய்

தூக்கத்தில் செய்தது குற்றமா? பாரிமுனையில் நிற்கும் நம் உயர் நீதிமன்றத்தின் முன் இந்தக் கேள்வி 1959-லேயே வந்தது. பிள்ளை பெற்ற ஒரு பெண், இரவில் அந்தப் பச்சிளம் குழந்தையோடு கிணற்றில் விழுந்தார். குழந்தை இறந்தது, தாய் பிழைத்தார். தூக்கத்தில் நடந்து போய் விழுந்துவிட்டார் என்பது அவர் தரப்பு. தூக்கநடை என்று நிரூபணமானால் சித்த சுவாதீனமின்மைக்கு உரிய பாதுகாப்பு கிடைக்கும் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் இந்த வழக்கில் அது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டது. அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் 84-ம் பிரிவு. இன்று அதே பாதுகாப்பு பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ம் பிரிவில் இருக்கிறது.

கனடாவில் இதே கேள்விக்கு வேறு விடை கிடைத்தது. 1987-ல் டொரன்டோ பக்கத்தில் ஓர் இளைஞர் அதிகாலையில் எழுந்து 23 கிலோமீட்டர் காரோட்டிப் போய் மாமியாரைக் கொன்றார். தானே காவல் நிலையம் போய் நின்றார். சூதாட்டக் கடன், வேலை இழப்பு, நாள்கணக்கான தூக்கமின்மை, குடும்பத்தில் பலருக்கும் தூக்கநடை என்று நிபுணர்கள் எடுத்துவைத்தார்கள். விடுதலையானார், 1992-ல் கனடா உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவர் மனநோயாளி அல்ல, தூங்கிக்கொண்டிருந்தவர் என்பது அந்தத் தீர்ப்பு.

1959-ன் அந்தத் தாயைப் பற்றி எனக்குத் தோன்றுவது வேறு. இன்றைக்கு ஒரு மருத்துவர் அவரைப் பார்த்திருந்தால், தூக்கநடையா இல்லையா என்பதோடு நிற்க மாட்டார். பிரசவத்துக்குப் பின் எத்தனை இரவு தூங்கினாய், அழுகை வருகிறதா, பிள்ளையைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா என்று கேட்பார். அது தற்கொலை முயற்சியாகவே இருந்திருந்தாலும், 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கருதச் சொல்கிறது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை வார்டுகளில் தூக்கமே இல்லாமல் கிடக்கும் இளம் தாய்களிடம் இந்தக் கேள்விகள் தவறாமல் கேட்கப்பட வேண்டும்.

யாரைப் பார்ப்பது, எதைச் சொல்வது

சிறு வயதில் இருந்து, நடுவில் நின்று, மன உளைச்சல் காலத்தில் திரும்பி வருவது ஒரு வகை. வாழ்வில் முதல் தடவையாகப் பெரிய வயதில் தொடங்குவது இன்னொரு வகை. அதற்கு டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது. புதிதாகத் தொடங்கிய மாத்திரை, மூச்சடைப்பு, இரவில் மட்டும் வரும் வலிப்பு என்று காரணம் இருக்கலாம். ஐம்பது தாண்டிய ஆண்கள் விடியற்காலையில் கத்தி, உதைத்து, கனவில் சண்டை போடுவது தூக்கநடையே அல்ல. 1986-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஷெங்க்கும் மஹோவால்டும் விவரித்த வேறொரு கோளாறு அது. பல ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் பார்கின்சன் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். வலிப்புக்கு ஒரு மருந்து, மூச்சடைப்புக்கு ஒரு கருவி, மன உளைச்சலுக்கு ஓர் ஆலோசகர் என்று வழி பிரியும் இடம் இது. பலருக்கு ஒழுங்கான தூக்க நேரமும் பாதுகாப்பான அறையுமே பாதிச் சிகிச்சை.

வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, கீழ்ப்பாக்கத்தில் 1794-லிருந்து வேர் பிடித்து நிற்கும் மனநலக் காப்பகம், தொழிலாளிக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. எல்லாமே ஒரு பஸ் தூரம்தான். வெட்கம் தடுத்தால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆலை மருத்துவ மையங்கள் பி.பி., சுகர், காது, நுரையீரல் பார்க்கும் அதே சீட்டில் "தூக்கம் எப்படி?" என்று ஒரு வரி சேர்த்தால் செலவு ஒன்றுமில்லை. நைட் ஷிஃப்டிலிருந்தும் உயரத்து வேலையிலிருந்தும் சில மாதம் மாற்றித் தரச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தால், அதைக் குறையாக எண்ணாத மேலாளர்களும் வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது தனியாகப் போகாதீர்கள். நடந்தவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்தவருக்குத்தான் தெரியும். மனைவியோ, அறைத்தோழரோ, படகுக் கூட்டாளியோ கூட வரட்டும். எத்தனை மணிக்கு எழுந்தார், கண் திறந்திருந்ததா, என்ன சொன்னார், எவ்வளவு நேரத்தில் திரும்பிப் படுத்தார், முந்தின நாள் எந்த ஷிஃப்ட், எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வரட்டும். அவருக்கு ஆபத்தில்லாமல் செல்போனில் ஒரு நிமிடம் படம் பிடிக்க முடிந்தால், டாக்டருக்கு அதுவே பெரிய உதவி.